உங்களைச் சுற்றிப் போன கம்பிகள்

என் காக்காவுக்கு,

உங்களை அடக்கிய மையவாடிக்குப் பெண்கள் போவதில்லை என்பதால், கபுறடியில் நின்று சொல்ல வேண்டிய ஸலாத்தை இந்தத் தாளில் வைத்துத் தொடங்குகிறேன். நீங்கள் மௌத்தாகி ஏழு மாதமாகிறது. மதினி தேறி வருகிறா. உங்கள் மோட்டார் சைக்கிளை விற்க அவ விடவில்லை. ஓட ஆளில்லாத வண்டியை வெள்ளிக்கு வெள்ளி துடைத்து வைக்கிறா.

உங்கள் தலைக்குள் என்ன நடந்தது என்பதை நீங்கள் இருக்கும்போது நான் சொல்லவே இல்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் உயிரியல் படிப்பிக்கிற எனக்கு, கூடப் பிறந்த காக்காவுக்கு விளக்க வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன், கேளுங்கள்.

உங்களுக்கு வந்த கட்டியின் கலங்கள், அதாவது செல்கள், தனித்தனியே கிடந்து பெருகுவதில்லை. ஒவ்வொன்றும் மிக மெல்லிய, நீண்ட இழைகளை விட்டு மற்றதைத் தேடித் தொடுகிறது. அந்த இழைகள் வழியே கல்சியம் அலையலையாய்ப் போகிறது. அவை கதைத்துக்கொள்வது அப்படித்தான். சில கலங்கள் முதலில் துடிக்கும், மற்றவை அதைக் கேட்டுத் துடிக்கும். கதிர் பாய்ச்சும்போது, அடிபட்ட கலத்தின் பாரத்தை இணைந்திருக்கும் கலங்கள் பங்குபோட்டுக்கொள்ளும். அதனால் தனியே நிற்கும் கலம் சாகிற இடத்தில், தொடுத்து நிற்கும் கலம் தப்பிவிடுகிறது. நல்ல நரம்புக் கலங்களோடும் அவை தொடுப்பு வைத்து, அங்கே ஓடும் சைகைகளில் தாம் வளர்கின்றன.

இதை வாசித்ததும் உங்கள் நினைவுதான் வந்தது. கல்முனைப் பக்கமெல்லாம் கம்பத்தில் ஏறி டெலிபோன் கம்பி இழுத்த ஆளல்லவா நீங்கள்? "ஒரு பக்கம் அறுந்தா மத்தப் பக்கத்தால சுத்திக் குடுத்திருவம், சனத்துக்குத் தெரியவும் மாட்டா" என்று பெருமையடிப்பீர்கள். உங்களுக்கு அரை நிமிடத்தில் விளங்கியிருக்கும். ஆனால் உங்களிடம் மட்டும் சொல்லக் கூடாது என்பதுதானே எங்கள் சட்டம்?

அந்தச் சட்டத்தைப் போட்டவள் நான். ஸ்கேன் படம் வந்த அன்று, காக்காவிடம் சொல்லிவிடாதீர்கள் என்று டொக்டரிடம் கெஞ்சினேன். கட்டாரில் இருந்த தம்பிக்கும், நிந்தவூரில் ராத்தாவுக்கும் கோல் எடுத்தேன். மதினியைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்ச் சொன்னேன். நீங்கள் கேட்டால் சொல்ல வேண்டிய வசனத்தையும் நானே கொடுத்தேன்: "நரம்புல சின்ன வீக்கம். மருந்துல வத்திரும்." நீங்கள் இல்லாத வாட்ஸ்அப் குழு ஒன்றும் தொடங்கினோம். வருத்தக்காரரிடம் நோயின் பெயரைச் சொல்லாமல் காப்பதை நம்மூரில் பாசம் என்பார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

ஒப்பரேசனுக்கு முந்திய கிழமை நீங்கள் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றீர்கள்.

"புள்ள, ஒரு ஓட்டோ புடி. ஹஜ்ஜுக்குப் போறாக்கள் மாதிரி நாலு வீட்ட போய் மாப்புக் கேட்டுட்டு வரணும்."

"சின்ன வீக்கத்துக்கு எதுக்கு காக்கா மாப்பு? ஊரு என்னவும் கதைக்கும். சும்மா இரிங்க."

நீங்கள் சேர்ட்டைக் கழற்றிக் கொடியில் போட்டீர்கள். உங்கள் மௌத்துக்குப் பிறகு அந்தச் சேர்ட்தான் என் கண்ணுக்குள் தொங்கியது. ஜனாஸாத் தொழுகைக்கு முன், கட்டாரிலிருந்து வந்திருந்த தம்பி எழும்பி, யாருக்காவது மனம் நோக நடந்திருந்தால் காக்காவை மன்னியுங்கள் என்று கேட்டானாம். அது நீங்களே போய்க் கேட்டதற்கு ஈடாகுமா?

நாலாம் நாள் பாண்டிருப்பிலிருந்து சிவலிங்கம் அண்ணன் வந்தார். உங்களோடு கம்பம் ஏறியவர், பிறகு ஏதோ வேலைத் தகராறில் உங்களோடு கதைப்பதையே விட்டவர். அவரைக் கண்டதும், காக்காவை மன்னியுங்கள் என்று அழுதுவிட்டேன்.

"நீங்க கேக்கத் தேவையில்ல டீச்சர். ஒப்பரேசனுக்கு முதலே அவர் கோல் எடுத்துக் கதைச்சவர். எனக்கு மட்டுமில்ல, ஒவ்வொரு ஆளா எல்லாருக்கும். நீங்க ஸ்கூலுக்குப் போற நேரம் பாத்து."

"அவருக்கு சின்ன வீக்கமெண்டுதானே நாங்க சொன்ன?"

"அதாலதான் பிடிபட்டதாம். கட்டார்ல இருந்தும் நிந்தவூர்ல இருந்தும் ஒரு எழுத்தும் மாறாம ஒரே வசனம் வந்தா, லைன் எங்கயோ ஒண்டாச் சேருதெண்டு எனக்குத் தெரியாதா சிவம் எண்டு கேட்டார். தங்கச்சிக்கு மட்டும் சொல்லிடாத, எனக்குத் தெரியாதெண்டு நெனச்சாத்தான் அவ தைரியமா இருப்பா எண்டும் சொன்னவர்."

உங்களைக் காத்துக்கொண்டிருக்கிறேன் என்று நான் நினைத்த நாளெல்லாம் நீங்கள் என்னைக் காத்திருக்கிறீர்கள். எனக்குக் கோபம் வந்தது, காக்கா. இன்னும் முழுதாய்த் தீரவில்லை. ஊருக்கெல்லாம் கோல் எடுத்த நீங்கள் எனக்கு எடுக்கவில்லை. எடுத்திருந்தால் என் பொய் உடைந்திருக்கும். ஒரே வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குடியிருந்த நாம் இருவரும்தான் கடைசிவரை மாப்புக் கேட்காமலே போனோம்.

உங்கள் மகள் நுஹாவுக்குப் பதினான்கு முடிந்துவிட்டது. போன கிழமை என் வீட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மாமி, வாப்பாட தலைக்குள்ள என்ன நடந்த? உம்மாட்டக் கேட்டா நரம்புல சின்ன வீக்கமெண்டுறா. நீங்களும் அதையே சொல்லாதீங்க."

நீங்கள் போன பிறகும் அந்த வசனம் நம் வீட்டில் சுற்றிக்கொண்டிருக்கிறது. நானோ "பொறகு சொல்றன்" என்று சமாளித்து அனுப்பிவிட்டேன்.

வருகிற வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு அவளை என் பக்கத்தில் இருத்துவேன். அவளுடைய கொப்பியில் அந்தக் கலங்களையும் அவற்றின் இழைகளையும் கீறிக் காட்டுவேன். அந்த வசனத்தைச் செய்தவள் நான்தான் என்பதையும் சொல்வேன். அழுதால் அழட்டும், நானும் சேர்ந்து அழுவேன். இனி இந்த வீட்டில் யாரையும் சுற்றிக் கம்பி போகாது, காக்கா. அதற்கு நான் பொறுப்பு.

எனக்கு வராத அந்தக் கோலுக்கு நான் மாப்புச் செய்துவிட்டேன். அந்தச் சேர்ட்டைக் கழற்ற வைத்ததற்கு நீங்களும் மாப்புச் செய்யுங்கள்.

வேலிக்கு இந்தப் பக்கம் இன்னும் இருக்கிற
உங்கள் தங்கச்சி,
ஸாயிறா