அக்கா பூசிய நீலம்

அக்கா,

மாதா கோயில் முகப்பில் மேசன்மார் கட்டிய பலகைத் தட்டில் ஏறி நின்று, போன கிழமை தீப்பெட்டியளவு துண்டொன்றைப் பெயர்த்தேன். பெயின்ற் மணம் வந்தது. இத்தனை வருசத்துக்குப் பிறகும் மணக்குமா என்று கேட்காதீர்கள், எனக்கு மணத்தது. உங்கள் நீலம். துண்டைப் பொத்திப் பிடித்தபடி கீழே இறங்கிவிட்டேன். தலைசுற்றாக்கும் என்று மேசன் சோடா வாங்கித் தந்தார்.

டெங்குக் காய்ச்சலோடு நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நீங்கள் வைத்த நேர்த்தி அது. நான் எழும்பி வந்தால் முகப்பு முழுவதையும் உங்கள் கையால் பூசித் தருவதாக மாதாவிடம் சொல்லியிருந்தீர்கள். எழும்பி வந்தேன். திருவிழாவுக்கு முன்னம், உதிர்ந்துகொண்டிருந்த பழைய சுண்ணாம்புச் சாந்தின் மேல் சீமெந்து அடிப்பித்து, கடையில் இருந்ததிலேயே திறமான பெயின்றை வாங்கி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினீர்கள். நான் அன்புவழிபுரத்து வீட்டிலிருந்து ஓட்டோவில் வந்து, நிழலில் கதிரை போட்டு இருந்து பார்த்தேன். உதவிக்கு வந்த எல்லாரையும் துரத்தினீர்கள். பாதரைக்கூட பெயின்ற் அடிக்கிற பிறஸ்ஸைத் தொட விடவில்லை.

"இனி உன்ர ஆயுளுக்கும் கிடக்கும்" என்றீர்கள் என்னைப் பார்த்து.

கிடக்கத்தான் செய்தது. இப்போது அதுதான் கரைச்சல்.

பழைய சுவர்களின் சாந்தையும் பூச்சையும் சோதிப்பதுதானே இன்று என் வேலை. துண்டைப் பிசினில் பதித்து, வெட்டி, மினுக்கி, நுணுக்குக்காட்டியில் பார்த்தேன். அடியில் கடல் முருகைக்கல்லைச் சுட்டெடுத்த சுண்ணாம்பும் மணலும். அதன்மேல் திருவிழாவுக்குத் திருவிழா அடித்த வெள்ளை, இடையில் எப்போதோ ஒரு காவி. பிறகு சீமெந்து, பிறகு நீங்கள். துறைமுகக் காற்றின் ஈரமும் உப்பும் முன்பு சுண்ணாம்பு வழியே வெளியேறிவிடும். இப்போது சீமெந்தும் பெயின்றும் அடைத்துவிட்டதால் வழியில்லை. உள்ளே நின்று சுவரைத் தின்கின்றன. பழைய சாந்து மாவாகிவிட்டது. உங்கள் வேலையில் ஒரு பிழையும் இல்லை, அக்கா. ஒரு பொட்டு இடம் விடாமல் அவ்வளவு அக்கறையாகப் பூசியிருக்கிறீர்கள்.

"முழுதாக அகற்ற வேண்டும்" என்று அறிக்கையில் எழுத எனக்குக் கை வரவில்லை. "பகுதியாக" என்று எழுதினேன். "சில காலம் கவனிக்கலாம்" என்று எழுதினேன். அத்தனையும் பொய். வேறு யாருடைய நேர்த்தியாக இருந்தாலும் ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் முடித்திருப்பேன். உங்களுக்குத் துரோகம் செய்கிறேனோ, சுவருக்குத் துரோகம் செய்கிறேனோ என்று எழுதியதைக் கிழித்துக் கிழித்துப் போட்டேன்.

கடைசியில் புதிதாக வந்திருக்கும் பாதரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நேர்த்தி பூசின அண்டைக்கே தீர்ந்துபோச்சு, பிள்ளை. நீங்கள் சுவரைப் பாருங்கோ" என்றார்.

நியாயமான கதைதான். ஆனால் அவருக்கு நீங்கள் அக்கா இல்லையே. போன வருசம் நெஞ்சு நோகுது என்று நீங்கள் படுத்தபோது, மாதாவிடம் நான் வாய் திறக்க முதலே எல்லாம் முடிந்துவிட்டது. உங்களுக்காக நான் ஒரு மெழுகுதிரிகூட நேரவில்லை. அதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

அறிக்கையை உள்ளபடி எழுதிக் கொடுத்துவிட்டேன். இன்று காலை உடைக்கத் தொடங்கினார்கள். இன்னொருவர் உடைக்க நான் பார்த்துக்கொண்டு நிற்க ஏலாது என்று மேசனிடம் உளியைக் கேட்டு வாங்கினேன். உங்கள் நீலம் இலேசில் விடவில்லை, அக்கா. அடித்து அடித்துத்தான் எடுத்தேன். என் உயிருக்காக நீங்கள் கொடுத்ததை, மாதாவிடம் நீங்கள் கேட்டு வாங்கித் தந்த இந்தக் கையால்தான் உடைத்தேன்.