சாட்டைக்காரியின் முகம்

விஸ்வநத்தம்
12.11.2006

அன்பு மகள் இசைவாணிக்கு அம்மா வள்ளித்தாய் எழுதிக்கொண்டது. நானும் உன் அப்பாவும் இங்கே சுகம், பிரான்சில் குளிர் ஆரம்பித்திருக்கும், உனக்குச் சளி காய்ச்சல் அண்டாமல் மாரியம்மன் பார்த்துக்கொள்ளட்டும். தீபாவளி சீசன் முடிந்து பட்டாசுக் கம்பெனி பூட்டிக் கிடக்கிறது, கையில் ஏறின அலுமினியப் பொடிக் கறை இப்போதுதான் விடுகிறது. அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது, பீடிதான் குறையவில்லை. நீ தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா இல்லையா, போன போட்டோவில் முடி வைக்கோலாய்த் தெரிந்தது.

நீ அனுப்பின படம் வந்தது. கோயில் வாசலில் ஏழு பெண் சிலைகளைப் பார்த்ததும் நம் கண்மாய்க்கரை ஏழு கன்னிமார் அந்த ஊரிலும் இருக்கிறார்கள் என்று நினைத்து, கடிதத்தைப் படிக்கும் முன்னே சாமி படங்களோடு வைத்து ஏழு பேருக்கும் குங்குமம் வைத்துக் கும்பிட்டுவிட்டேன். அப்புறம் படித்தால் அது மாதா கோயிலாம், அதுகள் சாமி இல்லையாம், ஆளுக்கொரு படிப்பாம். ஒருத்தி கணக்கு, ஒருத்தி பாட்டு, வானத்தைப் பார்ப்பவள் நட்சத்திரப் படிப்பு, கையில் சாட்டையும் காலடியில் ரெண்டு பிள்ளைகளுமாய் இருப்பவள் இலக்கணம் என்று எழுதியிருந்தாய். அதோடு விட்டாயா, இந்த இலக்கணம் எனக்கு எழுத்துச் சொல்லித்தந்த நம்ம அய்யம்மாள் டீச்சர் மாதிரியே இருக்கு, அவுகளுக்கும் ஒரு படம் அனுப்பியிருக்கேன், பொங்கலுக்கு வந்ததும் முதலில் அவுக வீட்டுக்குத்தான் போவேன் என்றும் எழுதியிருந்தாய். எனக்கு வயிறு எரிந்தது தாயி, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. ஏழு பேரில் ஒருத்திகூடவா பெற்றவள் மாதிரி இல்லை? அந்த ஆத்திரத்தில் குங்குமத்தை அள்ளி அந்தச் சாட்டைக்காரியின் முகமே தெரியாதபடி அப்பிவிட்டேன். மற்ற ஆறு பேருக்கும் பொட்டுதான், அவளுக்கு மட்டும் அபிஷேகம்.

போன ஞாயிற்றுக்கிழமை சண்டை போடுகிற நினைப்பில்தான் டீச்சர் வீட்டுக்குப் போனேன். அங்கே அந்தப் படத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள், எனக்கு இன்னும் கொதித்தது. எம்மக கல்லுல கூட உங்க முகத்தைத்தான் பாக்கா, நீங்க கொடுத்து வச்சவுக என்றேன். டீச்சர் சிரித்துவிட்டு, நான் எந்தப் பிள்ளை மேலயும் கம்பு எடுத்ததில்லையே வள்ளித்தாயி, உங்க மகளை விளக்கமாத்தால அடிச்சு இழுத்துட்டு வந்து என் வகுப்புல தள்ளுனது யாரு, மறந்துட்டீகளா என்றார்கள். நான் எங்கே மறந்தேன். நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது, கூட்டாளிகள் எல்லாம் தீப்பெட்டிக் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போகிறார்கள் என்று நீயும் பையைப் போட்டுவிட்டு ஏறி உட்கார்ந்துகொண்டாய். நான் பஸ்ஸை மறித்து உன்னை இறக்கி அடித்த அடியில் விளக்குமாறு கட்டு பிரிந்து தெருவெல்லாம் குச்சி. உனக்கு மறந்திருக்கும். நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

வீட்டுக்கு வந்து ஈரத்துணியால் அந்த முகத்தைத் துடைத்தேன், முழுதும் போகவில்லை, கன்னத்தில் சிவப்பு நிற்கிறது. மூக்குக்கண்ணாடியை மாட்டி நன்றாகப் பார்த்தேன். சிலையின் மூக்கு நுனி கொஞ்சம் உடைந்திருக்கிறது, ஆனாலும் அந்த உர்ரென்ற பார்வை என்னுடையதுதான். சாட்டைக்காரி டீச்சர் மாதிரி என்று நீ எழுதினது தப்பு, டீச்சருக்கு உன் கையாலேயே ஒரு வரி எழுதித் திருத்திவிடு. பொங்கலுக்கு வரும்போது பஸ்ஸை விட்டு இறங்கினதும் நேரே நம் வீட்டுக்கு வா, குளித்துச் சாப்பிட்ட பிறகு டீச்சர் வீட்டுக்கு நானே கூட்டிப் போகிறேன். மகராசியாய் இரு, எண்ணெயை மறக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா,
சாட்டைக்காரி வள்ளித்தாய்