நோஞ்சான் ஈஸ்ட்

4-8-86, திங்கள்
காலையிலிருந்தே புழுதிக் காற்று. கல்லூரி ஆய்வகத்தில் சன்னல்களை அடைத்துவிட்டு வேலை. மதுரையிலிருந்து என் ஆய்வு வழிகாட்டியின் கடிதம்: என் சோதனையில் ஈஸ்ட்டைக் கொன்றது இலைச் சாறு அல்ல, அதைக் கரைத்த ஆல்கஹாலாக இருக்குமாம். இரண்டு வருட உழைப்புக்கு ஒரே வரி. அழுகை வரவில்லை. கோபம்தான்.

மறுபடி செய்ய வேண்டியது:
- சாதாரண ஈஸ்ட், நான்கு தட்டு.
- நோஞ்சான் ஈஸ்ட், நான்கு தட்டு. இதற்குத் தன் மரபுப்பொருளில் அடிபட்டால் சரிசெய்துகொள்ளத் தெரியாது. சாறு பட்டு இது மட்டும் செத்தால், அடி அங்கேதான். பல புற்றுநோய் மருந்துகள் அடிப்பதும் அங்கேதான்; மருந்து தேட முதல் தடயம்.

சாறு இரண்டு பாட்டில், வெறும் ஆல்கஹால் இரண்டு பாட்டில். கெமிஸ்ட்ரி டீச்சர் பாத்திமா 1 முதல் 4 வரை எண் ஒட்டினாள்; ஒவ்வொரு எண்ணுக்கும் இரு வகை ஈஸ்ட்டிலும் ஒவ்வொரு தட்டு. எதில் எது என்று எனக்குத் தெரியக் கூடாது. "கெஞ்சினாலும் சொல்ல மாட்டேன், ஏட்டி."

5-8, செவ்வாய்
எட்டுத் தட்டும் பெட்டிக்குள். மரப்பெட்டி, உள்ளே பல்பு; அதுதான் சூடு. கரண்ட் இரண்டு முறை போனது.

மாலையில் அட்டெண்டர் மாடசாமி அண்ணாச்சி. மனைவி செல்லம்மாளுக்கு மார்பில் கட்டி. உள்ளூர் டாக்டர் மதுரைக்குப் போகச் சொல்லியும், கத்திக்குப் பயந்து போகவில்லையாம்.
"டீச்சரம்மா, அந்தச் சாறுல கொஞ்சம் தாங்க."
"இது ஈஸ்ட்டக் கொல்லுது அண்ணாச்சி. மனுசருக்கு என்ன செய்யும்னு எனக்கே தெரியாது. தர மாட்டேன்."
"தெரியாமலா இத்தன நாளாச் செய்யுதிய?"
நான்கு பாட்டிலையும் அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

7-8, வியாழன்
தட்டுகளைத் திறந்தோம். சாதாரண ஈஸ்ட் நான்கிலும் செழிப்பு. நோஞ்சான், 2, 3 எண்களில் மட்டும் சுத்தமாகக் காலி. சாறு எந்தெந்த எண் என்று எழுதி மடித்துவைத்திருந்த தாளைப் பாத்திமா பிரித்தாள். 2, 3. சாறு! வராந்தா வரை கேட்கும்படி கத்தினாள். இந்தப் பல்புப் பெட்டியில், சங்கரன்கோவிலில், நான்.

அண்ணாச்சி வாசலில் நின்றார்.
"செல்லம்மாளுக்கு ஆகாது, அப்படித்தான?"
"ஆகாது. இது மருந்தாக வருசக் கணக்காகும். சனிக்கிழம நான் மதுரைக்குப் போறேன். அவளையும் கூட்டிட்டு வாங்க. ஆஸ்பத்திரிக்கு நானும் வாரேன்."
"நீங்க கூட வந்தா அவளும் வருவா" என்றார்.

9-8, சனி. மதுரை
பஸ்ஸில் நல்ல கூட்டம். தட்டுப் பெட்டியைச் செல்லம்மாள் வாங்கிக்கொண்டாள். "நா மடியில வச்சுக்கிடுதேன்." ஒரு தட்டுகூட அசையவில்லை.

வழிகாட்டி தட்டுகளை அரை மணி நேரம் பார்த்தார். "நான் எழுதியது தப்பு. கட்டுரையில் உன் பெயரை முதலில் போடு."

செல்லம்மாளை ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள்; அடுத்த வாரம் ஆபரேஷன். பார்த்தவரை கட்டி பரவவில்லை என்றார் டாக்டர். அண்ணாச்சி வார்டில் எல்லாரிடமும், "எங்க டீச்சரம்மா மருந்து கண்டுபிடிச்சிட்டாவ."

"இன்னும் இல்ல" என்று திருத்தினேன். திருத்தும்போதே சிரிப்பு.