கரையில் போட்ட மண்ணும் கிருபைராஜ் பங்கும்

பனையன்குளம்,
1913 வைகாசி.

சிலோன் தேயிலைக் குளிரில் கிடக்கும் என் மகன் கிருபைராஜை ஆண்டவர் ஒரு குறையும் அணுகாமல் காக்கட்டும். நான் நல்ல சுகம். உன் இருமல் எப்படி இருக்கிறது என்று மறைக்காமல் எழுது, மருந்து கலக்குகிறவனுக்கு இருமல் வராது என்று எந்த வேதத்திலும் இல்லை.

நீ ஆனிக் கடைசியில் லீவு வாங்கி வந்து என்னைக் கூட்டிப் போவதாகவும், எனக்கென்று சன்னல் வைத்த அறை பார்த்திருப்பதாகவும் எழுதியதை வாசித்து அழுதுவிட்டேன். இந்த மனசுக்கு உன்னை எத்தனை ஸ்தோத்திரம் சொல்லிப் பெற்றேனோ. கூட்டிப் போ என்று எழுதினவளும் நான்தானே. உன் அப்பா போன பிறகு மிஷனில் என்னைப் பாளையங்கோட்டையிலிருந்து இந்தப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள், நாங்குநேரி தாண்டியதும் வண்டி ஒரு குளத்தங்கரையில் இறங்கி அடுத்த குளத்தங்கரையில் ஏறியது, இத்தனை தண்ணீருக்கு நடுவில் பேச ஒரு ஆள் இல்லாமல் போகப்போகிறதே என்று அன்றைக்கே பயந்தேன். பயந்தபடிதான் நடந்தது. யாரும் ஒரு குறை வைக்கவில்லை, போகிற வீட்டில் எல்லாம் பெஞ்சைத் துடைத்து உட்கார வைத்தார்கள், ஆனால் ஒரு சோலியும் செய்யச் சொல்ல மாட்டார்கள், நான் உள்ளே போனதும் பேச்சு நின்றுவிடும். விருந்தாளியாகவே எத்தனை நாள் இருப்பது, சொல்லு.

போன கார்த்திகை மழையில் கரை கசிகிறது, வீட்டுக்கு ஒரு ஆள் மண் போட வரணும் என்று தண்டோரா போட்டார்கள். நம்மைச் சொல்லவில்லை என்று நானும் கொஞ்ச நேரம் உள்ளேயே இருந்தேன். இருப்புக் கொள்ளவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். ஊர்ப் பெரியவர் ஐயம்பெருமாள் அண்ணாச்சி பதறிப்போய், வாத்தியாரம்மா, ஒங்களுக்கு என்னத்துக்கு இந்தப் பாடு, வீட்டுக்குப் போங்க என்றார். வீட்டுக்கு ஒரு ஆளுன்னுதான அண்ணாச்சி சொன்னிய, என் வீட்டுல நான்தான் ஆளு என்றேன். கருப்பட்டி விற்கிற அலிமா பீவி ஓடிவந்து எனக்குச் சும்மாடு சுற்றி வைத்துக் கூடையைத் தூக்கிவிட்டாள். கழுத்து ஒரு வாரம் திரும்பவில்லை. உனக்கு எழுதினால் சத்தம் போடுவாய் என்றுதான் எழுதவில்லை.

அதன் பிறகும் பெஞ்சைத் துடைக்கிறதை யாரும் விடவில்லை. சரி, நம் பாடு இவ்வளவுதான் என்று உன் கடிதம் வந்ததும் டிரங்குப் பெட்டியில் சேலைகளை அடுக்க ஆரம்பித்தேன். போன வாரம் குளம் வற்றி மீன் பிடித்தார்கள். இங்கே மீன் விலைக்கு இல்லை, கரைக்கு மண் போட்ட வீடுகளுக்குத்தான் பங்கு, அதையும் அந்தந்த வீட்டு ஆண்பிள்ளை பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இழுத்ததால் நானும் வேடிக்கை பார்க்க நின்றேன். ஐயம்பெருமாள் அண்ணாச்சி வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டே வந்து, கிருபைராஜ் வீட்டுப் பங்கு என்றார். உன்னை ஒருநாளும் பார்த்திராத மனிதர், அலிமாவிடம் உன் பெயரைக் கேட்டு வைத்திருக்கிறார். கூட்டத்தில் ஒருவன், அவன் எங்கனயோ சிலோன்ல இருக்கான், மண்ணு போடலையே என்றான். ஏலே, சும்மா கெட, அவுக அம்ம போட்டது அவன் போட்டதுதான், பாக்கிய அவன் வந்து போடுவான் என்று அடக்கிவிட்டார். இரண்டு விரால், கெளுத்தி, ஒரு பிடி கெண்டை. முந்தானையில் வாங்கிக்கொண்டு எல்லார் முன்னாலும் அழுதேன், வெட்கமாகப் போயிற்று. அலிமாவோ, மீனைப் பாத்து அழுத பொம்பளைய இப்பத்தாம்மா பாக்கேன் என்று இன்னும் சொல்லிச் சிரிக்கிறாள். மறுநாள் அவள் வீட்டுக்குப் போனேன், அவள் பெஞ்சைத் துடைக்கவில்லை. வெங்காயத்தை முன்னால் தள்ளி, உரிச்சுக்கிட்டே பேசுங்க என்றாள்.

ஆகையால் பெட்டியைப் பிரித்துவிட்டேன் ஐயா. கோபப்படாதே. உன் அறைக்கு நான் வரவில்லை. நான் கேட்டுத்தான் நீ அலைந்தாய், அந்த அலைச்சலெல்லாம் எனக்குச் சந்தோஷமாகவே சேர்ந்துவிட்டது. லீவை மட்டும் விட்டுவிடாதே, ஐப்பசிக் கடைசிக்கு மாற்றிக் கேள், கரைக்கு மண் போடுகிற சமயம் அது. வள்ளியூர்ச் சந்தையில் உனக்கென்று நல்ல ஓலைக்கூடை வாங்கி வைக்கிறேன்.

குளிரில் கம்பளி இல்லாமல் வெளியே போகாதே, ஜெபத்தை விடாதே. நீ போகிற வழியெல்லாம் ஆண்டவர் கூட வரட்டும்.

உன் அம்மா,
ஞா. சாலோமி.

மறந்துவிட்டேன். ஒரு விராலை உப்பிட்டுக் காயவைத்து, உன் பக்கம் வரத் தூத்துக்குடியில் கப்பல் ஏறுகிற எலியேசர் வசம் கொடுத்திருக்கிறேன். உன் பங்கு அது. இந்த ஊர்க் கரையில் மண் போட வருவதாக இருந்தால் மட்டும் அதைத் தின்னு.