மச்சினன் நாற்காலியும் அறுபத்து மூன்றாம் பிரிவும்

அனுப்புநர்:
உறுப்பினர் எண் 41 (தொழில்: பூட்டு பழுதுபார்த்தல்),
பேருந்து நிலையப் பின்வாசலுக்கு எதிர்க் கடை.

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
அரசியலமைப்பு வரைவுக் குழு அலுவலகம்,
பழைய தபால் நிலையக் கட்டடம், இரண்டாம் மாடி.

பொருள்: புதிய அரசியலமைப்பின் பிரிவு 63 ஒரு பொய்யின் பேரில் நிறைவேறியது – அந்தப் பொய்யைச் சொன்னவன் நானே – அச்சுக்குப் போகும் முன் மறுபடியும் அவையில் வைக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: எனது முதல் மனுவுக்குத் தங்கள் பதில் (மொத்தம் நான்கு வரி).

மதிப்புக்குரிய ஐயா,

வணக்கம். முதல் மனுவைத் தாங்கள் நான்கே வரியில் முடித்துவிட்டீர்கள். இது சற்று நீளும். முழுதாகப் படித்துவிட்டுப் பிறகு கோபித்துக்கொள்ளவும்.

1. அரசியலமைப்பை எழுதும் அவைக்குக் குலுக்கலில் தேர்வான அறுபது பொதுமக்களில் நான் ஒருவன். முதல் வாரம் முழுக்கப் பேராசிரியர்கள் பக்கத்துக்கு நான்கு இடத்தில் ‘நல்லெண்ணத்துடன்’ என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். பொறுக்கமாட்டாமல் எழுந்து என் மச்சினன் கதையைச் சொன்னேன். எங்கள் தெருக் குடியிருப்போர் சங்கத்துக்கு விதிமுறை எழுதியவன் நான். ‘ஆண்டுதோறும் செயலாளர் கூட்டும் பொதுக்கூட்டத்தில் தேர்தல் நடைபெறும்’ என்று அழகாக எழுதினேன். என் மனைவியின் தம்பி செயலாளர் ஆனார். கூட்டத்தைக் கூட்டவே இல்லை. பதினொரு வருடம்! கேட்டதற்கு, “கூட்டம் போட்டாத்தானே அத்தான் தேர்தல்? நான் எந்த விதிய மீறினேன், காட்டுங்க பாப்போம்” என்றார். என்னால் காட்ட முடியவில்லை.

2. அவையே சிரித்தது. ஆனால் மறுநாளே ஜன்னலோரம் கிடந்த, கைப்பிடி ஆடும் நாற்காலிக்கு ‘மச்சினன் நாற்காலி’ என்று பெயர் வந்தது. தங்கள் குறிப்பேட்டில் அது ‘ஆய்வு இருக்கை’. தினமும் சீட்டு எடுத்து ஒருவர் அதில் உட்கார வேண்டும். என் மச்சினனைப் போல யோசித்து, அன்றைய பிரிவை உடைக்க வழி தேட வேண்டும். “வழி இல்லை” என்று அவர் வாயால் சொன்ன பிறகே வாக்கெடுப்பு. ‘நீதிபதி இடம் காலியானால் தலைவர் நிரப்புவார்’ என்ற பிரிவைப் பேருந்து நடத்துநர் அம்மா மூன்றே நிமிடத்தில் உடைத்தார். “நிரப்பாமலே விட்டுட்டா?” என்று ஒரே கேள்விதான் கேட்டார். சட்டம் படித்தவர்கள் மூன்று பேர் பேனாவை மூடி வைத்தார்கள். அறுபத்திரண்டு பிரிவுகள் இப்படி அடிவாங்கித்தான் தேறின.

3. அறுபத்து மூன்றாம் பிரிவு வந்த நாளில் சீட்டு எனக்கு விழுந்தது. ‘நெருக்கடிக் காலத்தில், தாம் தேவை எனக் கருதும் வரை, நாட்டுத் தலைவர் தேர்தலை ஒத்திவைக்கலாம்’ என்று வாசித்தார்கள். இதை உடைக்கக் கம்பிகூட வேண்டாம், கையை விட்டே திறக்கலாம் என்று அந்த நொடியே எனக்குத் தெரிந்தது. ஆனால் எதிரில் குழுத் தலைவர் டாக்டரய்யா உட்கார்ந்திருந்தார். முதல் நாட்டுத் தலைவர் அவர்தான் என்பது ஊருக்கே தெரியும். எந்தக் கட்சி என்று கேட்காமல் காயத்துக்குக் கட்டுப் போட்டதற்காக ஒன்பது வருடம் சிறையில் இருந்தவர். ஊரடங்கு நாளில் நடந்தே வந்து என் மகளின் உயிரைக் காப்பாற்றியவர். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு, “வழி இல்லை” என்றேன். அவை கைதட்டியது. வெட்கக்கேடு, நானும் தட்டினேன்.

4. ‘தலைவர் அவர்களின் நேர்மையை ஐயுறுவதாக உள்ளதால் ஏற்பதற்கில்லை’ என்பது தங்கள் பதில். ஐயா, யார் ஐயுற்றது? டாக்டரய்யாவுக்கு வயது எழுபத்து நான்கு. அவருக்குப் பிறகு அந்தப் பதவியைப் பூட்டியா வைக்கப் போகிறோம்? என் மச்சினன் வரைவை வாங்கிப் படித்துவிட்டுச் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் சொன்னது இது: “அறுபத்து மூணு ஒண்ணு போதுமே அத்தான். மத்ததெல்லாம் எதுக்குத் தண்டமா அச்சடிக்கிறீங்க?” என் மனைவி கரண்டியாலேயே தம்பி தலையில் ஒன்று போட்டாள். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. வேலையைச் சரியாகச் செய்தவர் அவர், செய்யாதவன் நான்.

5. சென்ற ஞாயிறு டாக்டரய்யாவின் மருத்துவமனைக்கே போய் உண்மையைச் சொன்னேன். அவர், “ஏம்ப்பா, என் மேல நம்பிக்கை இல்லையா?” என்று கேட்டார். “கடையப் பூட்டாம வந்துட்டேன் ஐயா” என்று சொல்லிக் கிளம்பி வந்துவிட்டேன். என் பதிலைத் தாங்கள் அவரிடம் சேர்ப்பிக்க வேண்டும்: நம்பிக்கை இருந்ததால்தான் டாக்டரய்யா, பொய் சொன்னேன். தங்கள் மேல் உள்ள பாசத்தில் நானே வாயடைத்துப் போனேன் என்றால், நாளை வேறொருவர் மேல் உள்ள பயத்தில் இந்த நாட்டில் யார் வாயைத் திறப்பார்கள்?

6. ஆகவே நான் கோருவது:

(அ) என் “வழி இல்லை” என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். குறிப்பேட்டில் என் கையெழுத்தை நானே வந்து அடிப்பேன்.

(ஆ) வரும் திங்கட்கிழமை, அச்சுக்கு அனுப்பும் முன், பிரிவு 63 மறுபடியும் அவைக்கு வர வேண்டும். மறுத்தால், அன்று காலை எட்டு மணிக்கே வந்து மச்சினன் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வேன், எழுந்திருக்க மாட்டேன். காவலரை விட்டுத் தூக்குவதானால் நாற்காலியோடு தூக்கச் சொல்லவும். இடது கைப்பிடியைப் பிடிக்க வேண்டாம், கையோடு வந்துவிடும்.

(இ) அன்று மட்டும் சீட்டு எடுக்க வேண்டாம். டாக்டரய்யாவே அந்த நாற்காலியில் உட்கார வேண்டும். அவர் மேசைக்குப் பின்னால் சுவரில் ஒரு காகிதம் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது. அவரைச் சிறையில் வைத்த உத்தரவு. ஞாயிறன்று அவர் கேள்வி கேட்டபோது, அவர் தலைக்கு மேலே அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். ‘தேவை எனக் கருதும் வரை காவலில் வைக்கப்படுவார்’ என்று இருக்கிறது. அதையும் கையோடு எடுத்து வரச் சொல்லவும். முதலில் அதை வாசிக்கட்டும், பிறகு 63-ஐ வாசிக்கட்டும். இரண்டையும் வாசித்த பிறகும் அவர் வாயால் “வழி இல்லை” என்று வந்தால், மறுபேச்சு இல்லாமல் கையெழுத்துப் போடுகிறேன்.

இடம்: என் கடை
நாள்: வியாழக்கிழமை, 10ஆம் தேதி

திங்கட்கிழமை நேரில் வரவிருக்கும்,
(கையெழுத்து)
உறுப்பினர் எண் 41

நகல்: டாக்டரய்யா அவர்களுக்கு, மருத்துவமனை முகவரிக்கு.