காலிக் கொட்டகை என்று எழுதிய வீடு

மாதா துணை

ஆவரந்தாங்கல்,
செப்டம்பர் 14

அன்புள்ள மகன் அன்புவுக்கு, அம்மா செல்வமேரி சொல்லச் சொல்ல உன் தங்கை ஷீலா எழுதுவது. இங்கே அப்பா, நான், ஷீலா மூன்று பேருக்கும் உடம்பில் குறை ஒன்றும் இல்லை, அப்பாவின் இருமல்கூட இந்த மாதம் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் மாதாவிடம் கேட்கிறேன். உடம்பைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான், மனசு சரியில்லை. போனில் நீ கேட்கும்போதெல்லாம் ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று வைத்துவிடுகிறேன், வெயிலில் வேலை செய்துவிட்டு வந்து படுக்கிற பிள்ளையிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. நம் வீட்டில் தெருவில் நின்றால்தான் சிக்னல் வரும், இது தெருவில் நின்று பேசுகிற விஷயமும் இல்லை. பென்னியின் மச்சான் ஞாயிற்றுக்கிழமை மஸ்கட் திரும்புகிறான், அவன் கையில் இந்தக் கடிதத்தையும் கூடவே ஒரு பேப்பரையும் கொடுத்தனுப்புகிறேன். பேப்பரில் உன் கையெழுத்து வேண்டும். எதற்கு என்று முதலிலிருந்து சொல்கிறேன், முழுக்கப் படித்து முடிக்கும்வரை எனக்குப் போன் செய்யாதே.

நம் ஊரை நகரத்தோடு சேர்க்கப்போகிறார்கள் என்று நீ கிளம்பும்போதே பேச்சு இருந்ததல்லவா, இப்போது சேர்த்துவிட்டார்கள். பஞ்சாயத்து ஆபீஸ் போர்டைக் கழற்றி வார்டு ஆபீஸ் என்று மாட்டியிருக்கிறார்கள். காலையில் குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வருகிறது, மெயின் ரோட்டில் விளக்கு பகல் மாதிரி எரிகிறது. நூறு நாள் வேலை நின்றுபோனது, இனி இது கிராமம் இல்லையாம், அந்த அட்டையை நான் அரிசி டின்னுக்குள் போட்டு வைத்திருக்கிறேன். சேர்த்ததும் வீடு வீடாக ஒரு படிவம் கொடுத்தார்கள். கட்டடம் என்ன வகை, எத்தனை பேர் குடியிருக்கிறீர்கள், எத்தனை வருஷமாக, இதெல்லாம் எழுதி ஒரு வாரத்தில் திருப்பித் தர வேண்டும். அன்றைக்கே பென்னி வாய்க்கால் ஓரம் ஷேர் ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்தான். அக்கா, வூடுன்னு எழுதுன, வருசா வருசம் வரி கட்டியே பேஜாராயிடுவ, கொட்டாய்னு எழுது, ஆளே இல்லன்னு எழுது, அப்புறம் எவனும் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்க மாட்டான் என்றான். பக்கத்து வீட்டுக் கங்கம்மா, ஆமா, உன் மூஞ்சியப் பாத்தாலே ஆளில்லாத கொட்டாய் மாதிரிதான் கீது என்றாள். எல்லோரும் சிரித்தோம். சிரித்துவிட்டு அவன் சொன்னதையே செய்தோம்.

வாய்க்கால் ஓரத்துப் பதினோரு வீட்டுக்கும் படிவம் எழுதியது உன் தங்கைதான். தெருவிலேயே டிகிரி முடித்தவள் அவள் ஒருத்தி, ரேஷன் கடை மனுவிலிருந்து ஆஸ்பத்திரிச் சீட்டு வரைக்கும் அவளிடம்தானே வருகிறார்கள். அவள் பேனாவைப் பிடித்துக்கொண்டு, யாரும் குடியிருக்கவில்லை என்று எப்படிம்மா எழுதுவது என்று மெதுவாகக் கேட்டாள். அவள் குரல் எப்போதும் அப்படித்தான், அடுத்த ஆளுக்குக் கேட்காது. படிப்பைக் காட்டாதே, சொன்னதை எழுது என்று நான்தான் அதட்டினேன். கட்டட வகை: காலிக் கொட்டகை, குடியிருப்போர்: இல்லை. பதினோரு படிவத்திலும் ஒரே எழுத்து, அச்சடித்த மாதிரி. (இந்த இடத்தில் எழுதாமல் நிறுத்திவிட்டாள். எழுது, உன் அண்ணன்தானே என்றேன்.)

சரிபார்க்க ஒரு பெண் கையில் டேப்லெட்டோடு வந்த அன்று எல்லா வீட்டையும் பூட்டிவிட்டு நாங்கள் ஏரிக்கரைக்கு மேல் போய் உட்கார்ந்துவிட்டோம். கங்கம்மா மட்டும் தன் ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதல் வீட்டு வாசலில் ஆட்டைக் கட்டினாள், அந்தப் பெண் போட்டோ எடுத்தாள். அவள் குனிந்து டேப்லெட்டில் எழுதி முடிப்பதற்குள் கங்கம்மா ஆட்டைப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு போய் அடுத்த வாசலில் கட்டினாள். பதினோரு போட்டோவிலும் அதே ஆடு, அதே வெள்ளைக் காது. இத்தனை கொட்டகையும் யாருதும்மா என்று அந்தப் பெண் கேட்டதற்கு, எல்லாம் இவருதுதான் மேடம் என்று கங்கம்மா ஆட்டைக் காட்டினாளாம். அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தோம். அப்பா குரோம்பேட்டையில் செக்யூரிட்டி டூட்டி முடித்து வந்து செருப்பைக் கழற்றும்போதெல்லாம், கொட்டாயில யாராச்சும் கீறீங்களா என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைவார்.

போன மாதம் வார்டு ஆபீஸ் சுவரில் பட்டியல் ஒட்டினார்கள். மழைக்கு முன்னால் ஏரியிலிருந்து மெயின் ரோடு வரை வாய்க்காலை அகலப்படுத்திக் கல்லுக் கட்டுகிறார்கள். அதற்காக இடம் போகிறவர்களில் குடியிருக்கிறவர்களுக்கு விசாரணை வைத்து மாற்று இடம் தருவார்கள், காலிக் கொட்டகையாக இருந்தால் நேராக எடுத்துவிடுவார்கள். நம்முடைய பதினொன்றும் காலிக் கொட்டகை என்ற தலைப்புக்குக் கீழே இருந்தது. அவர்களைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை அன்பு, நாம் எழுதிக் கொடுத்ததைத்தான் அவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஷீலா அதை முதலில் படித்துவிட்டாள். வீட்டுக்கு வந்து இரண்டு நாள், சோறு போட்டால் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், காய்ச்சல் என்று நினைத்துக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். மூன்றாம் நாள்தான், நம்ம வீடு இல்லைன்னு நானே எழுதிட்டேம்மா என்றாள். தோல் கம்பெனி மூடிப் பம்மலில் இருந்து வந்து பதினாறு வருஷம் ஆகிறது, உன் முதல் சம்பளத்தில்தான் இந்த ஷீட் போட்டோம். ஆனால் ரேஷன் கார்டும் வோட்டும் இன்னும் பம்மல் முகவரியில்தான் இருக்கிறது, மாற்ற வேண்டும் மாற்ற வேண்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்துவிட்டோம். நாம் இங்கே இருந்தோம் என்பதற்கு இருக்கிற ஒரே அத்தாட்சி கரண்ட் கார்டு, அது உன் பெயரில் இருக்கிறது.

முப்பது நாளுக்குள் ஆட்சேபணை மனு கொடுக்கலாம் என்று பட்டியலுக்கு அடியில் போட்டிருந்தது. கொடுத்தால் முன்னால் எழுதியது பொய் என்று நாமே ஒப்புக்கொள்ள வேண்டும். தெருவே கூடி நம் வாசலில் சண்டை போட்டது. கங்கம்மா நேராக என்னிடம், உன் ஒரு வூட்டுக்காவ பத்து வூட்ட மாட்டி வுடாத மேரி, கேஸுன்னு வந்தா மொதல்ல உன் பொண்ணுதான் நிப்பா, எல்லாம் அவ எழுத்து என்றாள். பென்னி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான், யாருமே அவனை ஒன்றும் கேட்கவில்லை. ஷீலா குரூப் ஃபோர் பாஸ் பண்ணியிருக்கிறாள், அடுத்த மாதம் சர்டிபிகேட் சரிபார்க்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். நம் குடும்பத்தில் யாரும் அரசாங்க ஆபீசுக்குள் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. வீட்டைக் காப்பாற்றப் போய் அவள் வேலை போய்விட்டால் என்ன செய்வேன், வேலையைக் காப்பாற்ற வீட்டை விட்டால் வேலைக்கு எங்கிருந்து கிளம்பிப் போவாள். அப்பா மட்டும், எழுதினது அவ கைன்னாலும் சொன்னது உன் வாய்தானே, நீ போய்ச் சொல்லு என்றார். அதுவும் சரிதான் என்று, அவள் எழுத்து மறுபடியும் ஆபீசுக்குப் போக வேண்டாம் என்று மனுவை நானே என் எழுத்தில் எழுதினேன். எட்டாவது வரை படித்த எழுத்து, இரண்டு பக்கம் எழுத ஒரு பகல் ஆனது.

போன திங்கட்கிழமை ஆபீசுக்குப் போனேன். வரவேண்டாம் என்று சொல்லியும் அவளும் கூட வந்தாள். மளிகைக் கடையில் மீதிச் சில்லறை கேட்கக்கூட என் பின்னால் நிற்கிற பெண் அவள், உனக்குத் தெரியும். கவுண்டரில் இருந்த கிளார்க் அம்மா மனுவைப் படித்துவிட்டு, முன்னாடி எழுதினது யாரு என்று கேட்டார். நான் என் பெயரைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் இவள், நான்தான் மேடம், பதினொன்றும் என் எழுத்து என்றுவிட்டாள். யாரும் இல்லைன்னு எழுதும்போது அம்மா அந்த வீட்டுக்குள்ளதான் சோறு வடிச்சிட்டு இருந்தாங்க என்றாள். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஏம்மா, படிச்ச பொண்ணுதானே நீ என்று அந்த அம்மா கேட்டார். ஆமா மேடம், அதனாலதான் என்கிட்ட குடுத்தாங்க என்றாள். அந்த அம்மா கோபப்படவும் இல்லை, சமாதானமாக ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. மறு ஆய்வு என்று மேலே சிவப்பு மையில் எழுதினார். மூன்று வாரத்துக்குள் ஏதாவது ஒரு நாள் ஆள் வரும், வரும்போது வீட்டில் ஆள் இருக்க வேண்டும், கரண்ட் கார்டு யார் பெயரில் இருக்கிறதோ அவர் கையெழுத்திட்ட கடிதம் அசலாக வேண்டும், போனில் அனுப்புகிற போட்டோ செல்லாது என்றார். மேலே அனுப்பும்போது யார் எழுதியது என்பதையும் குறித்துத்தான் அனுப்புவேன் என்றும் சொன்னார். குறித்தால் என்ன ஆகும் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை, இவளும் கேட்கவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்துகொண்டாள். பதினோரு வீட்டில் மூன்று வீடுதான் மனு கொடுத்திருக்கிறோம். கங்கம்மா என் முகத்தைப் பார்ப்பதில்லை.

அன்றிலிருந்து நான் வீட்டை விட்டு நகரவில்லை அன்பு. ஞாயிறு பூசைக்குக்கூடப் போகவில்லை, நான் போகிற அந்த ஒரு மணி நேரத்தில் வந்து கதவு பூட்டியிருக்கிறது என்று எழுதிவிட்டால் என்ன செய்வது. கொடியில் துணி இல்லாமல் விடுவதில்லை, காய்ந்தாலும் எடுப்பதில்லை. பகலிலும் லைட்டைப் போட்டு வைக்கிறேன். பக்கத்தில் எங்கோ மண் தோண்டும் வண்டிச் சத்தம் கேட்டாலே அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடுகிறேன். நேற்று கேட்டது தாம்பரம் பக்கம் போகிற தண்ணீர் லாரி, திரும்பி வருவதற்குள் சோறு அடிபிடித்துவிட்டது.

நீ அங்கே பயப்படாதே, லீவு கேட்டு ஓடி வராதே, வேலையில் கவனமாக இரு, மெஷின் பக்கத்தில் போன் பேசாதே. தங்கையைத் திட்டி ஒரு வார்த்தையும் சொல்லாதே, திட்ட வேண்டுமானால் என்னைத் திட்டு. மாதா உன் தலைமேல் கை வைத்துக் காப்பாற்றுவாள், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உனக்கு உண்டு. பேப்பரில் பென்சிலால் குறி போட்ட மூன்று இடத்திலும் நீல மையில் கையெழுத்துப் போடு, கரண்ட் ஆபீசில் போட்ட அதே கையெழுத்து, புதிதாக ஸ்டைல் பண்ணாதே. பென்னியின் மச்சானிடம் கேள், பத்து நாளில் யாராவது ஊருக்கு வருவார்கள், அவர்கள் கையில் கொடுத்தனுப்பு. கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்றாய், வா. ஆனால் ஏர்போர்ட்டில் இறங்கியதும் ஆட்டோ பிடித்து நேராக வீட்டுக்கு வந்துவிடாதே. தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் நின்று எனக்குப் போன் செய், எங்கே வர வேண்டும் என்று அப்போது சொல்கிறேன்.

இப்படிக்கு,
உன் பதிலை எதிர்பார்த்திருக்கும் அம்மா,
ச. செல்வமேரி