அண்ணன் கொடுத்த நற்சான்று

மார்ச் 4

அண்ணாவுக்கு,

நலம் விசாரிக்க எழுதவில்லை. மூன்று நாளாகப் போன் செய்கிறேன். "மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் கூப்பிடறேன்" என்று தட்டிக்கழிக்கிறாய். காகிதத்தில் எழுதிக் கேட்டால் அப்படி நழுவ முடியாது, அதனால் எழுதுகிறேன்.

நீ தலைவராக இருக்கும் கிளப்பிலிருந்து அனுப்பிவைத்த டேபிள் டென்னிஸ் கோச், பெற்றோர் எல்லாம் "சிரித்த முகம்" என்று கொண்டாடினார்களே, அவனைப் போன வியாழக்கிழமை போலீஸ் அழைத்துப் போனது. எங்கள் கிளப்பில் மேசைகளை மடித்து வைக்கும் பின்னறைக்கு உள்தாழ்ப்பாளே கிடையாது. செயலாளர் என்ற முறையில் நான்தான் கழற்றச் சொன்னேன். அவன் ஒரு மேசையை இழுத்துக் கதவுக்கு முட்டுக்கொடுத்திருக்கிறான். உள்ளே ஒன்பது வயதுப் பெண் குழந்தை. கூட்டிப் பெருக்கும் அக்கா வந்து தள்ளிப் பார்த்து, திறக்கவில்லை என்றதும் கட்டடம் அதிர உதைத்திருக்கிறாள். "நெட் தேடிட்டிருந்தோம்" என்று சிரித்துக்கொண்டே வெளியே வந்தானாம்.

"பெருசா ஒண்ணும் நடக்கறதுக்குள்ள கதவு திறந்துடுச்சே" என்று எங்கள் கமிட்டியில் ஒருவர் ஆறுதல் சொன்னார். எது பெரிசு, எது சிறிசு என்று அந்தக் குழந்தையிடம் போய்க் கேளுங்கள் என்று கத்திவிட்டேன். மூன்று வாரமாக அவளுக்குப் புது பேட், சாக்லேட், கூடவே "இது நம்ம ரெண்டு பேருக்குள்ள ரகசியம்" என்ற பேச்சு. இப்போது அவள் அறையில் விளக்கை அணைக்க விடுவதில்லை என்கிறாள் அம்மாக்காரி.

இனி என் பங்கைச் சொல்கிறேன். புதிதாக யார் வேலைக்கு வந்தாலும், முன்பு இருந்த இடத்துக்கு ஒரு படிவம் அனுப்புவோம். அதில் கடைசிக் கேள்வி, "இவரைக் குழந்தைகளுடன் தனியாக விடுவீர்களா?" என்பது. நீ ஒரு பக்கம் முழுக்கப் புகழ்ந்துவிட்டு, அதற்கு மட்டும் பதில் எழுதவில்லை. வேறு யாராவது அப்படி அனுப்பியிருந்தால் அன்றே திருப்பி அனுப்பியிருப்பேன். அண்ணன்தானே, அவசரத்தில் விட்டிருப்பான் என்று நானே "ஆம்" என்று எழுதினேன். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் கமிட்டி அவனுக்குத் தனிப் பயிற்சி கொடுக்க அனுமதி தந்தது. இன்ஸ்பெக்டர் அம்மா அதைச் சுட்டிக்காட்டி, "இது யார் எழுதுனது?" என்று கேட்டார். "நான்தான் மேடம்" என்றேன். பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம்.

நீ மறந்து விட்டாயா, தெரிந்தே விட்டாயா? பதில் வேண்டும்.

சின்னவள்

மார்ச் 9

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. உன் அண்ணியும் அழுகிறாள். உன் உடம்பைப் பார்த்துக்கொள், கோபத்தில் ரத்த அழுத்தத்தை ஏற்றிக்கொள்ளாதே.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? போன வருஷம் ஒரு அம்மா வந்து, "என் பொண்ணு இனிமே வரமாட்டா" என்று கிளப்பின் சட்டையையும் பேட்டையும் என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். காரணம் சொல்லவில்லை. அங்கங்கே ஏதோ முணுமுணுப்பு காதில் விழுந்தது, அவ்வளவுதான். ஊர் வாயை மூட முடியுமா? ஆதாரம் இல்லாமல் ஒருவர் பிழைப்பில் மண்ணைப் போடுவது பாவம் இல்லையா? ஆனாலும் நான் சும்மா இருக்கவில்லை. ஒரே வாரத்தில் சத்தமில்லாமல் அவரை அனுப்பிவிட்டேன். வெளியே தெரிந்திருந்தால் கிளப்பையே மூடியிருப்பார்கள். நூற்றிருபது பிள்ளைகள் தெருவில் நிற்கும்.

போகும்போது ஒரு நற்சான்று கேட்டார், மறுக்க முடியவில்லை. பிறகு உன் படிவம் வந்தபோது, அந்தக் கடைசிக் கேள்விக்குப் பொய் எழுத எனக்குக் கை வரவில்லை, அதனால் விட்டேன். உன்னைப் போலக் கண்டிப்பான ஆளிடம் இருந்தால் வாலைச் சுருட்டிக்கொண்டு இருப்பார் என்று நினைத்தேன். என்னைப் புரிந்துகொள் கண்ணு.

உன் அண்ணன்

மார்ச் 13

அண்ணா,

கண்ணாவது மூக்காவது. இன்னும் அவனை "அவர்" என்கிறாய் பார், எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வாலைச் சுருட்டிக்கொள்வான் என்று அனுப்ப, நான் என்ன சீர்திருத்தப் பள்ளியா நடத்துகிறேன்? குழந்தைகளுக்குப் பந்தடிக்கக் கற்றுக்கொடுக்கிறேன். உன் வீட்டில் புகுந்த பாம்பைப் பிடித்து, தங்கை வீடுதானே என்று என் வீட்டில் கொண்டுவந்து விட்டிருக்கிறாய். பொய் எழுதக் கை வரவில்லையாம்! உண்மையை எழுத மட்டும் கை வந்ததா? உன் பொய்யை நான் எழுதிக்கொள்ளட்டும் என்று இடம் விட்டு அனுப்பினாய், நானும் எழுதினேன். நம் இருவரையும் சேர்த்தே கட்டி வைத்து அடிக்க வேண்டும்.

இப்போது நிலைமையைக் கேள். அவன் ஜாமீனில் வெளியே வந்துவிட்டான். தனிப் பயிற்சிக்கு நேரம் போதவில்லை என்று சண்டை போட்ட பெற்றோர் கட்டிவிட்ட கதை இது என்கிறான். "இத்தனை வருஷத்துல என்மேல ஒரு புகார் உண்டா?" என்று நெஞ்சை நிமிர்த்திக் கேட்கிறான். கோடை விடுமுறைப் பயிற்சி முகாம் ஒன்று அவனை எடுத்துக்கொள்ள இருக்கிறது, இருநூறு பிள்ளைகள் இரவு தங்கும் முகாம். நான் சொன்னதற்கு, "உங்க அண்ணனே நல்லா எழுதிக் கொடுத்திருக்காரே" என்று நீ அவனுக்குக் கொடுத்த நற்சான்றைத்தான் எனக்கே காட்டுகிறார்கள். முன்பு இருந்த இடத்திலும் புகார் வந்தது என்று நீ எழுதிக் கொடுத்தால், ஜாமீனை ரத்து செய்யக் கேட்கலாம் என்கிறார் இன்ஸ்பெக்டர் அம்மா.

முகாமுக்கு ஆள் முடிவு செய்வது இருபத்தைந்தாம் தேதி. உனக்குத் தெரிந்தது எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. கிளப் மூடினால் மூடட்டும்.

சின்னவள்

மார்ச் 19

சின்னவளே,

எழுதிவிட்டேன், நான்கு பக்கம். இத்துடன் இருக்கிறது. அதில் ஒரு விஷயம் உனக்குப் புதிது. அதை நீ இன்ஸ்பெக்டர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டாம், நானே சொல்கிறேன்.

எழுதுவதற்கு முன், போன வருஷம் பெண்ணை நிறுத்திக்கொண்ட அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று அவர்கள் வீட்டுக்குப் போனேன். பெண்தான் கதவைத் திறந்தாள். இப்போது பதினான்கு வயது, நெடுநெடுவென்று வளர்ந்துவிட்டாள். "உள்ள வரலாமாம்மா?" என்றேன். "இங்கயே சொல்லுங்க அங்கிள்" என்றாள்.

"அப்ப எனக்கு சரியா எதுவும் தெரியாதும்மா" என்று ஆரம்பித்தேன். என்னை முடிக்க விடவில்லை.

"என்ன அங்கிள் தெரியாது? நான்தானே உங்க ரூமுக்கு வந்து சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, மாஸ்டர் அப்படியெல்லாம் பண்ண மாட்டாரு, போய் தண்ணி குடிச்சிட்டு விளையாடும்மான்னீங்க. நானும் போய் குடிச்சேன். அதுக்கப்புறம் அஞ்சு மாசம் அவர்கிட்டதான் விளையாடினேன்."

தெருவில் சைக்கிள் விட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் நின்று பார்த்தார்கள். "நீங்க எழுதினா எழுதுங்க, எழுதாட்டி போங்க. கேஸைப் பத்திக் கேள்விப்பட்டோம், நானும் அம்மாவும் நாளைக்கு இன்ஸ்பெக்டரைப் பாக்கப் போறோம்" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாள்.

முணுமுணுப்பு என்று உனக்கு எழுதினேனே, அது பொய். அந்தக் குழந்தை என் மேசைக்கு எதிரே நின்று சொன்னது. ஆண்டு விழா வேலையில் இருந்தேன், இது தலைக்கு வந்த இடி, யாராவது எடுத்துக்கொண்டு போக மாட்டார்களா என்றுதான் தோன்றியது. தலைவர் பதவியிலிருந்து விலகிவிட்டேன். என்னைத் திட்டு, அடி, ஆனால் பேசாமல் மட்டும் இருந்துவிடாதே. உன் அண்ணியும் அதையேதான் கேட்கிறாள்.

அண்ணன்

மார்ச் 27

அண்ணா,

உன் நான்கு பக்கமும் சேர்ந்தது. அன்றே கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தப் பெண்ணும் அம்மாவும் எனக்கு முன்னாலேயே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அவனை மறுபடி உள்ளே வைத்துவிட்டார்கள். முகாம்காரர்கள் தாங்களும் இனி பயன்படுத்த என்று எங்கள் வெற்றுப் படிவத்தைக் கேட்டு வாங்கிப் போயிருக்கிறார்கள்.

நேற்று எங்கள் பெற்றோர் கூட்டம். அவனுக்காக வந்த படிவத்தின் நகலை எல்லோர் கையிலும் கொடுத்து, "ஆம்" என்று எழுதியது நான் என்று சொன்னேன். ஒன்பது வயதுக்காரியின் அம்மா எழுந்து வெளியே போய்விட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. செயலாளர் வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டேன்.

மே மாதம் என் மகளை உங்கள் வீட்டுக்கு அனுப்பச் சொல்லி அண்ணி தனியாக எழுதியிருக்கிறாள். மகளுக்கு ஆசையாகத்தான் இருக்கிறது, மாமா வீடு மாமா வீடு என்று குதிக்கிறாள். அனுப்ப மாட்டேன். நீ அவளுக்கு ஒரு கெடுதலும் செய்ய மாட்டாய், எனக்குத் தெரியும். ஆனால் வேறு யாராவது செய்து, அவள் ஓடி வந்து உன்னிடம் சொன்னால் நீ என்ன செய்வாய் என்பதும் எனக்குத் தெரியும்.

இனி எனக்கு எழுதாதே.

தங்கை